இடது கீழ் மூலை

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டக் கடை.
கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து எடுத்துத் தந்தான் சயந்தன்.
இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம்,
மூன்று தவணை, அடையாள அட்டைப் பிரதி ஒன்று.
"இந்தக் காசுக்கு இது திறம் அக்கா."
இந்தக் காசுக்கு என்பதை
இரண்டு தரம் சொன்னான்.

விசுவமடுவில் பஸ்ஸால் இறங்கி
சைக்கிள் கூடைக்குள் வைத்தேன்.
பயித்தங்காய்ப் பிடியோடு
வீடுவரைக்கும் குலுங்கிக்கொண்டு வந்தது ரப்.

முதலில் மொழி கேட்டது.
விரலால் கீழே கீழே போனேன்.
பேர் தெரியாத தேசமெல்லாம் தாண்டி
கடைசிக்குக் கிட்டத் தமிழ் இருந்தது.
தொட்டதும் "வரவேற்கிறோம்" என்றது,
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
கோபித்துக்கொண்ட புருசன் பெண்சாதி போல.

பிறகு பிறந்த ஆண்டு.
ஆண்டுகளை ஒரு சில்லில் சுற்றி வைத்திருந்தார்கள்.
உருட்டினேன்.
இருபது, பதினேழு, பதின்மூன்று,
வழுக்கிக்கொண்டு போய்
இரண்டாயிரத்து ஒன்பதில் சிக்கி நின்றது.

மலிவுச் சாமான். சிக்கும்தானே.
விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
திரும்ப இழுத்தேன்.
தொண்ணூற்றிரண்டு வந்தது.

இருப்பிடம் அறிய அனுமதி கேட்டது. கொடுத்தேன்.
குளத்துக்கு நடுவில் நான் நிற்பதாக
நீலப் புள்ளி ஒன்று போட்டுக் காட்டியது.
நான் குசினியில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.
எங்கள் ஒழுங்கை அதன் படத்தில் இல்லை. வெறும் பச்சை.
பச்சைக்குள் பதினெட்டு வீடு, ஒரு தையல் கடை,
சந்திரமதியின் வீட்டுக் குரைக்கிற நாய்.

முன் கமெராவில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை.
அரை மணித்தியாலத்தில்
தோசைக்கல் மாதிரிச் சுடுகிறது முதுகு.
பெட்டியில் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது,
திறந்தால் எனக்குப் பதினாலுதான்.
போன் எடுத்துக் கேட்டேன்.
"மிச்ச இடத்தில அதுகளே இருக்குதுகள் அக்கா,
எழுப்பேலாது."
சரி. பழக்கம்தான்.

பகலில் எனக்கு நிலம் வேலை.
முழந்தாளில் இருந்து, முகக்கவசத்துக்குள் வேர்த்து,
ஒரு நாளைக்கு எட்டுச் சதுர மீற்றர், சில நாள் ஐந்து,
சிவப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில்
மண்ணைக் கேட்டுக் கேட்டு எடுக்கிறேன்.
சரித்துத் தொடு. பக்கத்தால் வா. அழுத்தாதே.
பதினொரு வருசமாய் இந்த விரலுக்கு
அதுதான் படிப்பு.

இது அழுத்தச் சொல்லுகிறது.
மெல்லத் தொட்டால் தெரியாத மாதிரி இருக்கிறது.
கவிநிலா வந்து
"இப்பிடி அம்மா" என்று சுட்டுவிரலால் குத்தினாள்.
எனக்கு நெஞ்சு ஒருக்கால் நின்றுபோனது.
"என்ன பயம்? வெடிக்காது."
ஒன்பது வயசு. விளையாட்டாய்த்தான் சொன்னாள்.

இடது கீழ் மூலையில்
எப்படிக் குத்தினாலும் உணர்வில்லை.
ஏழு நாளைக்குள் கொண்டுவந்தால் மாற்றலாம் என்றான்.
அவள் நித்திரையான பிறகு
படம் கீறுகிற பக்கத்தைத் திறந்து
நகம் நகமாய் ஓரத்தால் போனேன்.
கோடு எங்கே அறுகிறதோ அங்கே ஒரு புள்ளி.
நாற்பது நிமிடம்.
பத்து ரூபாய்க் குற்றியளவு இடம்,
சுற்றிவரச் சிவப்பு அடித்தேன்.
வேலை விட்டு வந்தும் வேலை.

தனக்குத்தான் வாங்கினது என்று அவள் நினைக்கிறாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சாதாரண தரக் கணிதம், பழைய வினாத்தாள்,
டேட்டா முடிவதற்குள் இறக்கி வைத்திருக்கிறேன்.
நான் எழுதியிருக்க வேண்டிய வருசம்
பள்ளிக்கூடமே சாமான் சட்டி கட்டிக்கொண்டு
எங்களோடு மரத்துக்கு மரம் ஓடியது.

முதல் கணக்கு. நாலு விடை.
இரண்டாவதைத் தெரிந்தேன்.
"சரிபார்" என்ற பொத்தான்
சரியாக அந்தச் செத்த மூலையில்.

சிரிப்பு வந்தது.
ரப்பைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
எழுத்தெல்லாம் ஒருக்கால் தடுமாறி நிமிர்ந்தது.
பொத்தான் உயிர் உள்ள பக்கத்துக்கு வந்திருந்தது.

அழுத்தினேன்,
முழு விரலாலும்.

"பிழை" என்று சிவப்பில் வந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வேறொன்றும் நடக்கவில்லை.
நுளம்பு ஒன்று வெளிச்சத்தில் வந்து குந்தியது.
மற்றக் கணக்குக்குப் போனேன்.